தலை வைத்த திசை

முதல் கேள்வி எப்போதும் ஜன்னலைப் பற்றியது.
படுக்கை அதிலிருந்து எத்தனை அடி,
தலை எந்தப் பக்கம்,
எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை.

சவரியான் சிரிக்கிறார்:
"ஏழு பேரு, பத்துக்குப் பத்து ரூம்பு.
எடம் கெடச்ச பக்கம் தலை."

அந்தப் பக்கத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
அளவு நாடாவைத் தரையில் விரிக்கிறேன்.
ஒரு முனையை செபஸ்தியம்மா பிடித்துக்கொள்கிறார்,
துணிக்கடையில் நிற்பவரைப் போல.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில்
ஐம்பத்திரண்டு வீடுகள், நாலு லைன்.
எங்கோ ஒரு பழைய இரும்புக் கடையில்
யாரும் பெயர் கேட்காத குப்பி ஒன்று
உருகி, கம்பியாகி, லாரி ஏறி
கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்து
இந்த ஜன்னல்களில் நின்றது.
மழை விட்டுவிட்டதா என்று
பிள்ளைகள் அதில் கன்னம் வைத்துத்தான் பார்த்தார்கள்.
அறுத்து எடுத்துப்போய்ப் பதினான்கு வருடம்.
பலகை அடித்த இடத்தில் இப்போது காலண்டர்.

என் பையில் இருக்கும் கருவி
மேட்டுப்பாளையத்திலேயே எண்ணத் தொடங்கிவிடும்.
மலை ஏற ஏற எண்ணும் ஏறும்.
இவ்வளவு உயரத்தில் குடியிருந்தால்
வானம் கொஞ்சம் வீட்டுக்குள் வரும்,
பாறையும் தன் பங்குக்குத் தரும்.
அதையெல்லாம் கழித்த பிறகுதான் இரும்பின் கணக்கு.

"வெத்தலை?"
"போடுவேன்."
"புகையிலை?"
"அது இல்லாம என்ன வெத்தலை?"
"விறகடுப்பா?"
"நீங்க வர்ற வரைக்கும் ஊதிக்கிட்டுத்தானே இருந்தேன்."
ஒவ்வொரு பதிலும்
கம்பியைக் கொஞ்சம் விடுதலை செய்கிறது.

பிறகு ஜன்னலோரம் யார் என்று ஒரு சண்டை.
"நான்தான்" என்கிறார் சவரியான்.
"பொய். பிள்ளைக்குப் பால் குடுக்க வெளிச்சம் வேணும்னு
நான்தான் அங்க கெடந்தேன்."
அந்தப் பிள்ளை மரியசீலி.
பன்னிரண்டு வயது. இரத்தத்தில்.
செபஸ்தியம்மா நாடாவை விடவில்லை.
இரண்டேகால் அடி என்று எழுதுகிறேன்.
சவரியான் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி,
"நான் படுத்தேன்னே எழுதிருங்களேன்" என்கிறார்.

இத்தனை பேருக்கு, இத்தனை வருடத்துக்கு
எதிர்பார்த்தது இரண்டு புள்ளி மூன்று பேர்.
வந்தது ஐந்து.
அந்தப் புள்ளி மூன்று ஆளை
எல்லா லைனிலும் தேடிவிட்டேன்.
ஐந்து போதாது என்கிறார்
கோவையில் கணக்குப் பார்க்கும் தாரகேசுவரி.
தற்செயலும் ஐந்துவரை நடந்து வருமாம்.

ஒப்பிட ஓர் ஊர் வேண்டும்.
மேட்டின் மறுபுறம் மொரஹட்டி.
அதே பனி, அதே மருந்தடித்த தேயிலை,
ஜன்னலுக்கு மட்டும் மரச் சட்டம்.
"எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே,
எங்களை எதற்கு எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டார் ஹாலன்.
ஒன்றும் இல்லாததால்தான் என்றேன்.
உருளைக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்.

போன மார்கழியில் அவர் தங்கை மாதிக்கு மார்பில் கட்டி.
அவள் எண்ணைப் பதிந்ததும்
திரையில் விகிதம் இறங்கியது.
முதலில் எனக்கு மாதி நினைவுக்கு வரவில்லை.
எங்கள் ஐந்து பேர் வீணாகிறார்களே
என்றுதான் வந்தது.

குஞ்சப்பனை தாண்டும்வரை
பஸ் ஜன்னலை மூடாமல் நனைந்துகொண்டு வந்தேன்.
கருவி இறங்கும் வழியெல்லாம்
ஒழுங்காகக் குறைத்துக்கொண்டே வந்தது.

மறு வாரம் மொரஹட்டிக்குப் போனபோது
மாதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்,
ஊசி போட்டுத் தலைமுடி போயிருந்தது.
லைன் வீடுகளில் நான் கேட்பதெல்லாம்
அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது.
என்னைப் பார்த்ததும் பாயை விரித்தாள்.
"நீங்க சொல்லுங்க,
இனிமேல் எந்தப் பக்கம் தலை வைக்கட்டும்?"

நாடா பைக்குள் சுருண்டு கிடந்தது.
கருவி அந்த உயரத்துக்கு உரிய எண்ணைச்
சொல்லிக்கொண்டிருந்தது.